ஒரு வண்டு, ஒரு குப்பி: வண்டின் மேல் வாழும் சிற்றுண்ணிகளைத் தேடுவதும் பெயரிடுவதும்

இரவு மழை பெய்து விட்ட காலையில் தெஹிவளை, இரத்மலானைப் பக்கத்துத் தென்னை வளவுகளில் காண்டாமிருக வண்டு ஒன்றாவது கிடக்கும். அதை எடுத்து மல்லாக்கப் போட்டுப் பாருங்கள். கால்கள் உடலோடு சேரும் இடத்தில், செம்பழுப்பு மயிருக்கு நடுவே, மணல்மணி அளவில் ஏதோ ஓடும். ஒன்று ஓடினால் பின்னால் நாலைந்து ஓடும். பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லையை வைத்தால் எட்டுக் கால் தெரியும். உணர்கொம்பு இருக்காது. தலை, நெஞ்சு, வயிறு என்று உடல் பிரிந்தும் இருக்காது. அது பூச்சியல்ல, சிலந்தியின் சொந்தக்காரர். சிற்றுண்ணி.

ஊரில் இதற்கென்று ஒரு சொல் இல்லை. பேன், தெள்ளு, உண்ணி என்று வாய்க்கு வந்ததைச் சொல்வோம். பேனும் தெள்ளும் ஆறு கால் பூச்சிகள். நாயில் கடிக்கும் உண்ணி இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான், உருவில் பெரியது. தென்னை வைத்திருப்பவர்களுக்குச் சிற்றுண்ணி என்றால் 1997இல் கற்பிட்டியில் கண்டறியப்பட்டு, பிறகு காய்களைச் சொறி பிடிக்க வைத்த அந்தத் தென்னைச் சிற்றுண்ணிதான் நினைவுக்கு வரும். அதற்கு நான்கே கால். ஆகவே காலை எண்ணி மட்டும் முடிவுக்கு வர முடியாது. வண்டின் மேல் வாழ்பவற்றிலும் குடம்பிக்கு ஆறு கால்தான், சில வளர்ந்த பெண்களுக்கு அதிலும் குறைவு. அதைப் பின்னால் பார்ப்போம்.

உலகில் இதுவரை பெயர் பெற்ற சிற்றுண்ணி இனங்கள் ஏறக்குறைய 55,000. வண்டு இனங்களோ 4 இலட்சம் அளவில். அந்த வண்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் ஓட்டுச்சிறகை, அதாவது முதுகை மூடும் கடினமான முன்சிறகை, இதற்காக யாரும் தூக்கிப் பார்த்ததேயில்லை. புதிய இனம் கண்டுபிடிக்க மழைக்காட்டுக்குப் போகவேண்டும் என்று நினைப்பவர்கள் தங்கள் வளவின் கத்தரிச் செடியில் இருக்கும் வண்டிலிருந்தே தொடங்கலாம்.

தொடங்குமுன் ஒரு விதி. ஒரு வண்டு, ஒரு குப்பி. இந்தத் துறையில் எனக்கு மிக உறுதியான கருத்து இது ஒன்றுதான். சிற்றுண்ணியின் அரைவாசி அடையாளம் அதன் முகவரியில் இருக்கிறது: எந்த வண்டு, ஆணா பெண்ணா, உடலின் எந்த இடம், எந்த ஊர், எந்த நாள். பத்து வண்டுகளை ஒரே போத்தலில் போட்டுக் கொன்றால், சாகும் வண்டிலிருந்து இறங்கி மற்றதில் ஏறும் சிற்றுண்ணிகள் எல்லா முகவரியையும் ஒரே இரவில் கலக்கிவிடும். பிறகு எவ்வளவு நல்ல நுணுக்குக்காட்டி வைத்திருந்தாலும் அது திரும்பி வராது. பழைய பதிவுகளில் ஒரே சிற்றுண்ணிக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு வண்டுகள் விருந்துவழங்கி (அது தங்கி வாழும் உயிர்) என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, இயற்கை அப்படித்தானா, இல்லை போத்தல் அப்படித்தானா என்று சந்தேகப்படாமல் இருக்க முடிவதில்லை.

இந்தக் காரணத்தால்தான் பொறிகளோடு கவனம் வேண்டும். தென்னந்தோட்டங்களில் காண்டாமிருக வண்டுக்கும் செங்கூன் வண்டுக்கும் கவர்ச்சி வாசனை வைத்து வாளிப் பொறி தொங்கவிடுவார்கள். வாளியில் சவர்க்காரத் தண்ணீர் இருந்தால் சிற்றுண்ணிகள் கழன்று அடியில் போய்விடும். தண்ணீர் இல்லாத வாளியானால் வண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு சிற்றுண்ணிகளைப் பரிமாறிக்கொள்ளும். பொறியில் வந்தவற்றைப் பயன்படுத்துவதென்றால் காய்ந்த வாளியை ஒவ்வொரு காலையும் வெறுமையாக்கி, குறிப்பில் "பொறி, கலப்புக்கு இடமுண்டு" என்று எழுதிவிடுங்கள். வெளிச்சத்துக்கு வரும் வண்டுகளை வெள்ளைத் துணியில் இருந்தே ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தனிக் குப்பியில் போடலாம். ஒவ்வொரு வண்டுக்குப் பிறகும் இடுக்கியை எதனோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும்.

கொழும்பில் எங்கே தேடுவது? உக்கிய தென்னங்குற்றியிலும் எருக்குவியலிலும் காண்டாமிருக வண்டும் அதன் குடம்பியும். பட்டுப்போன தென்னையின் தண்டுக்குள் செங்கூன் வண்டு. மாடு மேயும் வெளிகளில் ஒரு நாள் பழைய சாணத்துக்கு அடியில் சாண வண்டுகள். கத்தரி, பாகல் இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டுகள். அவரைக் கொடியின் அசுவினியைத் தின்னும் பொறி வண்டுகள் (இங்கே பொறி என்றால் உடலில் உள்ள புள்ளி). சொந்த வளவு என்றால் பிரச்சினை இல்லை. பெத்தகான, பெல்லன்வில-அத்திட்டிய போன்ற ஈரநிலங்கள் ஆசையைக் கிளப்பும், ஆனால் பாதுகாக்கப்பட்ட இடத்தில் ஒரு வண்டையும் முன் அனுமதியின்றி எடுக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இதற்கு உண்டு. வனஒதுக்குகளென்றால் வனத் திணைக்களத்திடம் கேட்கவேண்டும்.

வண்டைத் திறப்பது

குப்பிக்குள் போன வண்டைக் கொல்ல இரண்டு வழி. ஒன்று, 70 முதல் 80 வீத எதனோலில் நேரே போடுவது. மற்றது, காய்ந்த குப்பியோடு உறைபெட்டியில் வைப்பது. பெரிய வண்டுக்கு ஓர் இரவு முழுக்க வேண்டும், ஒரு மணித்தியாலத்தில் எடுத்தால் சூடேறியதும் நடக்கத் தொடங்கிவிடும். டீஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் 95 வீதத்துக்கு மேற்பட்ட எதனோல் வேண்டும். ஆனால் அதில் சிற்றுண்ணி விறைத்து, காலை மடக்கிக்கொண்டு, தொட்டால் உடையும். ஆகவே முடிந்தால் ஒரே இடத்தில் பிடித்த வண்டுகளில் பாதியை ஒன்றிலும் மீதியை மற்றதிலும் வைக்கலாம். விவரச்சீட்டைப் பென்சிலால் எழுதி குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். போல்பொயின்ற் மை எதனோலில் கரைந்து, ஒரு மாதத்தில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

முதலில் பார்க்கவேண்டியது வண்டையல்ல, குப்பியின் அடியை. விருந்துவழங்கி குளிரும்போது ஓடக்கூடியவை எல்லாம் இறங்கிவிடும். எதனோலை ஒரு பெற்றிக் கிண்ணத்தில் ஊற்றி, அடியில் ஒரு முறை கறுப்புத் தாள், ஒரு முறை வெள்ளைத் தாள் வைத்துத் தேடுங்கள். வெளிறியவை கறுப்பில் தெரியும், பழுப்பு நிறமானவை வெள்ளையில்.

பிறகு வண்டு. மெழுகுத் தட்டில் வயிறு கீழே இருக்கும்படி வைத்து, இரு கூர்நுனி ஊசிகளால் ஓட்டுச்சிறகுகளைப் பக்கவாட்டில் மெதுவாக விரியுங்கள். இழுத்துக் கிழித்தால் கீழே மடிந்திருக்கும் பறக்கும் சிறகும் சேர்ந்து வந்து, அதன் மடிப்பில் இருப்பவை சிந்திவிடும். ஓட்டுச்சிறகின் உட்புறம், வயிற்றின் மேலுள்ள மெல்லிய தோல், அங்குள்ள சுவாசத்துவாரங்களின் ஓரம், சிறகின் நரம்புக் குழிவுகள், கழுத்தின் சவ்வு, கால்களின் அடிப்பகுதி, கடைசியில் இனப்பெருக்க அறை என்ற ஒழுங்கில் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் எத்தனை என்று எண்ணி எழுதிய பிறகே எடுக்கவேண்டும். ஒன்றுமில்லை என்பதும் தரவுதான். இருபது வண்டில் மூன்றில் இருந்தது என்று எழுத முடியாவிட்டால், மூன்று வண்டில் இருந்தது என்ற செய்திக்குப் பெறுமதி பாதிதான்.

இங்கே கண் பழகாதவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. பொறி வண்டின் ஓட்டுச்சிறகைத் திருப்பினால் உட்புறத்தில் வெளிர்மஞ்சளாக, ஊறிய சவ்வரிசியைக் கடுகிலும் சிறிதாக்கியது போல, இரண்டு மூன்று மணிகள் ஒட்டியிருக்கலாம். பார்த்தால் வண்டின் கொழுப்புத் துளி என்றே தோன்றும், பலரும் துடைத்துவிடுவார்கள். ஊசி நுனியால் ஒரு பக்கம் தள்ளினால் மணி சாயும், ஆனால் கழலாது. ஒரு முனையில் சிறிய கூம்பு ஒன்று ஓட்டுச்சிறகின் தோலுக்குள் ஊன்றியிருக்கும். அதைச் சுற்றி நீள்வட்ட முட்டைகள், சிலவேளை ஆறு கால்களோடு நடமாடும் குடம்பிகள். அந்த மணிதான் போடாபோலிபிடே குடும்பத்தின் வளர்ந்த பெண். இந்தக் குடும்பத்தின் சில சாதிகளில் (நெருங்கிய இனங்களின் தொகுதிகளில்) வளர்ந்த பெண்ணுக்கு மூன்று சோடிக் கால், சிலவற்றில் ஒரே ஒரு சோடி. கெலிசெரா என்ற வாயுறுப்பு ஊசி போல இருக்கும். குடம்பிக்கும் வளர்ந்ததற்கும் இடைப்பட்ட அணங்குப் பருவமே கிடையாது, முட்டை, குடம்பி, பிறகு நேரே வளர்ந்தது. குடம்பியாக இருக்கும்போதே பெண் ஆணோடு சேர்ந்துவிடும்.

இவை வண்டிலிருந்து வண்டுக்குப் போவது பெரும்பாலும் வண்டுகள் இணையும் நேரத்தில். ஐரோப்பாவின் இரு புள்ளிப் பொறி வண்டில் வாழும் கொக்சிபோலிபஸ் ஹிப்போடேமியே இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு. அது தொற்றிய பெண் வண்டு தொடர்ந்து முட்டையிடும், ஆனால் சில வாரங்களில் அந்த முட்டைகள் பொரிப்பது நின்றுவிடும். இதனாலேயே குடம்பியை மட்டுமோ புதிதாகக் கூட்டிலிருந்து வந்த வண்டையோ பார்த்து "இல்லை" என்று எழுதக்கூடாது. இணையும் சோடிகளைப் பிடித்துத் தனித்தனிக் குப்பிகளில் போட்டு, சோடி என்று குறித்துவைப்பது நல்லது. கத்தரியில் இருக்கும் புள்ளி வண்டின் உறவினங்களிலும் கொக்சிபோலிபஸ் சாதி பதிவாகியிருக்கிறது, ஆகவே வீட்டுத்தோட்டத்தில் நேரம் செலவழிப்பது வீண் வேலையல்ல.

ஒட்டுண்ணியா, பயணியா?

வண்டில் இருந்தது என்பதால் மட்டும் எந்தச் சிற்றுண்ணியையும் ஒட்டுண்ணி என்று எழுதக்கூடாது. வண்டில் ஏறியிருப்பவற்றில் பல, பஸ்ஸில் போகிறவர் போலத்தான். சாணமோ உக்கிய மரமோ சில நாட்களில் காய்ந்துவிடும். நடந்து அடுத்த இடத்துக்குப் போக முடியாத உயிரி, பறக்கிற ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது.

இதைப் பிரித்தறிய மூன்று கேள்விகள் போதும். முதலாவது, எந்தெந்தப் பருவங்கள் வண்டில் இருக்கின்றன? முட்டை, குடம்பி, ஆண், பெண் எல்லாம் அங்கேயே இருந்தால் அது வண்டையே வீடாகக் கொண்டது. ஒரே பருவம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அது பயணி. சாண வண்டில் ஓடும் மக்ரோகீலஸ் சாதியினரை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாமே வளர்ந்த பெண்களாக இருக்கும். சாணத்தில் இறங்கி ஈயின் முட்டையையும் நெமற்றோட் புழுக்களையும் தின்பவை அவை. வண்டுக்குத் தீமை செய்வதில்லை, ஈக்களைக் குறைத்து நமக்கு நன்மையே செய்கின்றன.

இரண்டாவது, வாய் எப்படி? சில சிற்றுண்ணிகளின் இரண்டாம் அணங்குப் பருவத்துக்கு வாயே இருக்காது. அடிப்புறத்தின் பின்பகுதியில் உறிஞ்சு தட்டு ஒன்று இருக்கும், அதால் வண்டின் வழவழப்பான ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். சாப்பிட வாயில்லாததை ஒட்டுண்ணி என்று எழுதுவது எப்படி? வேறு வகையில் ஒட்டும் கூட்டமும் உண்டு: செங்கூன் வண்டின் ஓட்டுச்சிறகைத் தூக்கினால் நெருக்கமாக அடுக்கிவைத்த பழுப்பு வட்டங்கள் தெரியும். ஆமை ஓடு போன்ற முதுகு, கால் எல்லாம் உள்ளே மடிந்திருக்கும். சென்ட்ரோயூரோபோடா அல்மெரோடாய் என்ற இனம் இப்படித்தான் இந்த வண்டோடு பயணம் செய்கிறது. இந்தக் கூட்டத்தின் அணங்குகளில் பல, ஆசனவாயில் சுரக்கும் பசையை நூலாக்கி அந்தக் காம்பால் தம்மைக் கட்டிக்கொள்ளும். இடுக்கியால் பிடுங்கினால் காம்பு அறுந்துவிடும், அறுந்தால் அது எப்படி ஒட்டியிருந்தது என்ற சான்றும் போய்விடும். ஒன்றிரண்டையாவது வண்டின் தோல்துண்டோடு சேர்த்து வெட்டி எடுங்கள்.

மூன்றாவது, காயம் இருக்கிறதா? போடாபோலிபிடே குத்திய இடத்தில் வண்டின் தோல் கறுத்து ஒரு புள்ளியாக இருக்கலாம். சிற்றுண்ணியை எடுத்த பிறகு அந்த இடத்தை மீண்டும் பார்க்கவேண்டும்.

இந்த மூன்று கேள்விக்கும் மசியாதவையும் உண்டு. கனெஸ்ட்ரினிடே குடும்பம் வெளிறிய, மெதுவாக நகரும், வாழ்நாள் முழுவதையும் ஓட்டுச்சிறகின் கீழே கழிக்கும் கூட்டம். எல்லாப் பருவமும் அங்கேதான். ஆனால் கெலிசெரா ஊசியல்ல, சிறு இடுக்கி. பெரும்பாலானவை வண்டின் தோலில் சுரப்பதையும் ஒட்டியிருக்கும் அழுக்கையும் தின்பவை என்றே கருதப்படுகின்றன. காண்டாமிருக வண்டில் ஓடும் ஹைப்போஆஸ்பிஸ் சாதியினரின் நிலை இன்னும் சிக்கல். வளர்ந்த வண்டில் பயணிகள், ஆனால் எருக்குவியலில் அதே வண்டின் முட்டையையும் புதிதாய்ப் பொரித்த குடம்பியையும் தாக்குவதாகப் பதிவுகள் உண்டு. இப்படிப்பட்டவற்றுக்கு "வண்டோடு வாழ்வது" என்று எழுதி, கண்ட இடத்தையும் பருவத்தையும் சொல்லி நிறுத்துவதுதான் நேர்மை.

கொழும்புக்கே உரிய ஒரு பொறியும் இருக்கிறது. இங்கே ஊசியில் குத்திவைத்த வண்டு, உலர்பெட்டி இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் வந்தால் அதைத் தின்ன டைரோஃபேகஸ் சிற்றுண்ணி வரும். பால்வெள்ளை, வழவழப்பு, பின்பக்கம் நீண்ட மயிர்கள். வண்டின் வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கில் கண்டதும் பெரிய ஒட்டுண்ணிக் கண்டுபிடிப்பு என்று துள்ளத் தோன்றும். அது அலுமாரிக்குச் சொந்தமானது, வண்டுக்கல்ல. பழைய நூதனசாலைச் சேகரிப்புகளில் காய்ந்த வண்டின் ஓட்டுச்சிறகுக்குக் கீழே தேடிப் புதிய இனங்கள் கண்டவர்கள் உண்டு, 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலை போன்ற பழைய நிறுவனங்களின் பெட்டிகள் அந்த வகையில் புதையல்கள். ஆனால் அங்கே எடுப்பதில் எது வண்டோடு வந்தது, எது பெட்டியில் பிறந்தது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. மறந்துபோன பயற்றுப் போத்தலில் வண்டோடு பையெமோட்டஸ் என்ற சிற்றுண்ணி இருந்தால் வெறுங்கையால் கிளறாதீர்கள். வண்டின் குடம்பியை நஞ்சால் முடக்கி அதன் மேலேயே பெண்ணின் வயிறு உருண்டையாக வீங்கும், உள்ளே குஞ்சுகள் முழு வளர்ச்சி பெற்றே வெளிவரும். மனிதத் தோலில் அது கடித்தால் நாட்கணக்கில் அரிக்கும்.

வழுக்கி தயாரித்தல்

வழுக்கி என்ற கண்ணாடித் தட்டில் பதித்து நுணுக்குக்காட்டியில் இனம் பிரிக்கச் சிற்றுண்ணி கண்ணாடி போல ஆகவேண்டும். உள்ளே இருக்கும் தசையையும் குடலையும் கரைக்க இலக்ரிக் அமிலம் போதும். 85 முதல் 90 வீதத்தில், 50 பாகை செல்சியசில், மெல்லிய தோலுக்குச் சில மணித்தியாலம், ஆமை ஓட்டுக்காரருக்கு இரண்டு மூன்று நாள். அடிக்கடி பார்க்கவேண்டும். போடாபோலிபிடே பெண்ணை இரவு முழுக்க விட்டால் காலையில் வெறும் தோல்பை சுருண்டு கிடக்கும். அதன் பை உடல் விரிந்திருந்தால், அமிலத்தில் இருக்கும்போதே மெல்லிய ஊசியால் பின்பக்கம் ஒரு துளை போட்டால் உள்ளிருப்பது மெதுவாக வெளியேறும்.

பதிக்கும் ஊடகம் ஹொயர் கலவை. வடித்த நீர் 50 மில்லிலீற்றர், அராபிக் பிசின் 30 கிராம், குளோரல் ஹைட்ரேற்று 200 கிராம், கிளிசரின் 20 மில்லிலீற்றர். அவ்வளவு தேவைப்படாது, பத்தில் ஒரு பங்கு செய்தாலே நூற்றுக்கணக்கான வழுக்கிகளுக்குக் காணும். ஒழுங்கு முக்கியம். முதலில் பிசினை நீரில் அறை வெப்பத்திலேயே ஊறவிட்டுக் கரைக்கவேண்டும். தூளைவிடக் கட்டியாக வாங்குவது நல்லது, தூள் நுரைத்து, அந்தக் குமிழி பிறகு போகாது. அடுத்து குளோரல் ஹைட்ரேற்று, அது முழுக்கக் கரைந்த பிறகு கிளிசரின். கண்ணாடிப் பஞ்சால் வடிகட்டுங்கள், வடிகட்டித் தாளில் அது இறங்காது. குளோரல் ஹைட்ரேற்று நஞ்சு, கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துப் பொருளும் கூட. ஆய்வுகூடம் ஒன்றின் ஊடாகத்தான் பெறமுடியும், கையுறை போட்டு, புகைவாங்கியின் கீழே கலக்கவேண்டும்.

வழுக்கியின் நடுவில் கடுகளவு துளி. சிற்றுண்ணியை வளைத்த கம்பியால் எடுத்து, துளியின் அடிக்கு அழுத்தி, முன்பக்கத்தை உங்களை நோக்கி வைத்துக் கால்களை விரித்துவிடுங்கள். சிலவற்றின் முதுகும் சிலவற்றின் வயிறும் மேலே இருக்கவேண்டும், இரண்டு பக்கமும் வரையவேண்டி வரும். 12 மில்லிமீற்றர் வட்ட மூடுகண்ணாடியை ஒரு விளிம்பில் தொட்டு, சாய்வாக மெல்ல இறக்குங்கள். நேரே போட்டால் குமிழி. துளி பெரிதானால் சிற்றுண்ணி மிதந்து சரிந்துவிடும், 100 மடங்கு எண்ணெய் வில்லை அதன் மேல் குவியாது.

உலர்த்துவதில்தான் கொழும்பு நம்மைச் சோதிக்கும். 45 முதல் 50 பாகையில் குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் மூன்று வாரம், தட்டையாக. "கை வைத்தால் ஒட்டவில்லை" என்று இரண்டாம் நாளே எடுத்துவிடுவார்கள். ஹொயர் கலவை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஓரம் அடைக்காத வழுக்கியை இங்குள்ள கடற்காற்றில் விட்டால், மேற்குப்பக்க மழை தொடங்கியதும் ஊடகம் மீண்டும் இளகி மூடுகண்ணாடி நகரும். அதனால் இன்கியூபேற்றரிலிருந்து எடுத்த அன்றே, சூடு ஆறியதும், விளிம்பைச் சுற்றி மோட்டார் வயின்டிங் வேலைக்குப் பயன்படும் சிவப்பு இன்சுலேற்றிங் எனாமலை இரண்டு பூச்சுப் பூசுங்கள். நகப்பூச்சு அவசரத்துக்குச் சரி, சில வருடத்தில் வெடிக்கும். அதிகம் காய்ந்தாலும் பளிங்குகள் தோன்றும், அப்படியானால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மீண்டும் பதிக்கலாம். ஹொயர் கலவையின் பெரிய நன்மை இதுதான்.

எந்தக் குடும்பம், எந்தச் சாதி, எந்த இனம்

முதல் கேள்வி சுவாசத்துவாரம் எங்கே என்பது. மூன்றாம், நான்காம் கால்களின் அடியில் பக்கவாட்டில் ஒரு துவாரமும் அதிலிருந்து முன்னோக்கி ஓடும் ஒரு வாய்க்காலும் இருந்தால் மீசோஸ்டிக்மாட்டா என்ற பெருங்கூட்டம். மக்ரோகீலஸ், ஹைப்போஆஸ்பிஸ், ஆமை ஓட்டுக்காரர் எல்லாம் இங்கே. வயிற்றுப்புறக் கவசங்களின் வடிவம், அவற்றில் எத்தனை மயிர், வாய்க்குக் கீழேயிருந்து வரும் இரட்டை நூல், ஆணின் கெலிசெராவில் விந்து கடத்தும் நீட்சி ஆகியவற்றைப் பாருங்கள். துவாரமே இல்லை, இடுக்கி வாய் என்றால் அஸ்டிக்மாட்டா என்ற கூட்டம், அதில் கனெஸ்ட்ரினிடே. ஊசி வாய், சுருங்கிய கால் என்றால் போடாபோலிபிடே. இவ்வளவுக்கு ஒரு நல்ல நாள் போதும்.

அடுத்த படிக்கு மாதங்கள் போகும். சிற்றுண்ணியின் ஒவ்வொரு மயிருக்கும் பெயர் உண்டு. முதுகில் எந்த வரிசையில் எத்தனையாவது, எவ்வளவு நீளம், நுனி கூரா, தூரிகையா என்பதுதான் இனத்தைப் பிரிக்கும். கட்டம் வேறுபடுத்தும் (phase contrast) நுணுக்குக்காட்டி இல்லாமல் இதில் இறங்கவேண்டாம், சாதாரண வெளிச்சத்தில் பாதி மயிர் தெரியாது. அளவுகோலை மேடை மைக்ரோமீற்றரால் ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனியாகச் சரிபார்க்கவேண்டும். ஒரேயொரு பெண்ணை அளந்து புதிய இனம் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கிடைக்குமானால் பத்தாவது அளந்து, வீச்சைக் கொடுங்கள். வீங்கிய போடாபோலிபிடே பெண்ணின் உடல் நீளம் அவள் எவ்வளவு குடித்திருக்கிறாள் என்பதைத்தான் சொல்லும். அங்கே நம்பக்கூடியவை வாய்ப்பகுதியின் நீளமும் ஊசியின் நீளமும் கால் மயிர்களும். பெண், ஆண், குடம்பி மூன்றையும் சேர்த்து விவரிக்காவிட்டால், நாளைக்கு ஒருவர் அதே இனத்தின் குடம்பிக்கு வேறு பெயர் வைத்துவிடுவார்.

விருந்துவழங்கியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஐரோப்பாவின் பிண வண்டுகளில் ஏறும் போசிலோகைரஸ் நல்ல சான்று. நீண்டகாலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட சிற்றுண்ணிகளில் ஒரு கூட்டம் நிக்ரோஃபோரஸ் வெஸ்பிலோய்டெஸ் வண்டையும், இன்னொன்று நிக்ரோஃபோரஸ் வெஸ்பில்லோ வண்டையும் தேடிப்போவது பரிசோதனையில் தெரிந்த பிறகே, உருவிலும் நுண்ணிய வேறுபாடு உண்டு என்று கண்டார்கள். அந்த வண்டுகள் கலந்த போத்தலில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திராது.

வண்டையும் வீசிவிடாதீர்கள். ஆசியாவின் ஒற்றைக் கொம்பு வண்டுகளில் பலவற்றைச் சைலோட்ரூப்பஸ் கிடியோன் என்ற ஒரே பெயரால் எழுதிவந்தார்கள், பிறகு அது பல இனங்களாகப் பிரிக்கப்பட்டது. பழைய சிற்றுண்ணிப் பதிவில் அந்தப் பெயர் மட்டும் இருந்து, வண்டு இல்லாவிட்டால், எந்த வண்டைச் சொன்னார்கள் என்று இனி அறிய வழியில்லை. சிற்றுண்ணி வழுக்கிக்கும் குத்திவைத்த வண்டுக்கும் ஒரே இலக்கம் கொடுத்து இரண்டையும் காப்பாற்றுங்கள்.

டீஎன்ஏ உதவும், ஆனால் அது குறுக்குவழியல்ல. முழுச் சிற்றுண்ணியை 56 பாகையில் புரதமுடைக்கும் நொதியில் ஓர் இரவு வைத்தால் உள்ளிருப்பது கரைந்து, தோல் அப்படியே மிஞ்சும். அந்தத் தோலையே வழுக்கியில் பதிக்கலாம். பொதுவாக வாசிக்கும் மைற்றோகொண்ட்ரியத்தின் 658 எழுத்துப் பகுதி சிற்றுண்ணிகளில் பலமுறை பெருகாமல் போகும். அதைவிட மோசமானது, பெருகி வருவது வண்டின் வரிசையாக இருப்பது. ஒட்டுண்ணியின் குடலில் வண்டின் திசு இருக்கிறதே. வந்த வரிசை வண்டோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லாம் ஒப்பிட்டு, இது எந்தப் பெயருக்குள்ளும் வராது என்று உறுதியானால் பெயரிடலாம். விலங்கியல் பெயரீட்டுக் கோவையின்படி 2000ஆம் ஆண்டிலிருந்து, ஒரு மாதிரியையோ சில மாதிரிகளையோ மூலவகையாகத் தெளிவாகக் குறித்து, அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படுகிறது என்றும் எழுதவேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்வானால் 2012இலிருந்து சூபேங்க் என்ற விலங்கியல் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். மூலவகையை வீட்டு அலுமாரியில் வைத்திருப்பது அந்த இனத்தையே இல்லாமற் செய்வதற்குச் சமம். இலங்கையில் பிடித்ததை ஒப்பிட வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஏற்றுமதி அனுமதியைச் சேகரிக்கத் தொடங்குமுன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். பிடித்த பிறகு கேட்டால் பிடித்ததற்கே அனுமதி எங்கே என்று கேட்பார்கள்.

மீதிச் சிற்றுண்ணிகள் குப்பியிலேயே இருக்கட்டும். மூடியின் உட்புறத்தில் இறப்பர் வளையம் உள்ள குப்பியாக இருக்கவேண்டும். கொழும்புச் சூட்டில் சாதாரண மூடி வழியே எதனோல் ஆவியாகிவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மட்டம் பார்த்து நிரப்புங்கள். வழுக்கிகளை முதல் வருடமாவது படுக்கையாகவே அடுக்குங்கள், நிறுத்திவைத்தால் ஊடகத்தோடு சிற்றுண்ணியும் மெதுவாக ஓரத்துக்குச் சறுக்கும்.